ஆண்டுதோறும் கேஸ் குறையுமா?

கேள்வி: வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ கடற்கரைப் பகுதியில் வசிக்கிறோம். மாடியில் நின்றால் கடல் தெரியும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மூன்று ஸ்பிளிட் ஏசிகள் பொருத்தினோம்: கூடத்தில் 18,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு), இரண்டு படுக்கையறைகளிலும் 12,000 பிடியூ. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு மெக்கானிக் வந்து மீட்டரை மாட்டிப் பார்த்து, “கேஸ் குறைந்திருக்கிறது” என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போகிறார். சென்ற ஆண்டு மூன்றுக்கும் சேர்த்து 4,200 ரேண்ட் ஆனது. அப்படியும் எங்கள் அறை ஏசியிலிருந்து பிப்ரவரியில் தலைமாட்டில் தண்ணீர் சொட்டியது. ஈரத்துணி வாடையும் வருகிறது. இப்போது ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, மாதம் 650 ரேண்ட் வீதம் இரண்டு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு இரு முறை வந்து கழுவுவார்களாம். கேஸும் உதிரிப் பாகங்களும் தனிக் கணக்காம். பக்கத்து வீட்டுக்கு வரும் இன்னொருவர் ஒரு ஏசியைக் கழுவ 750 ரேண்ட் கேட்கிறார். என் கணவர் ஓய்வூதியம் வாங்குகிறவர். கடலோரத்தில் ஏசி வைத்திருந்தால் இவ்வளவு செலவு ஆகத்தான் செய்யுமா? குளிர்காலத்தில் வெளி யூனிட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டால் உப்பு பிடிக்காது என்கிறார்களே, அது சரியா?

— ஒரு வாசகி, இசிப்பிங்கோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த 4,200 ரேண்டைப் பார்த்துவிடுவோம்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ், காருக்கு ஊற்றும் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் அல்ல. செம்புக் குழாய்களுக்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் (தகடுகள் கோத்த வளைகுழாயில்) ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. வெளியே போய்த் திரவமாகி அந்த வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்ப வருகிறது. பொருத்திய நாளில் எவ்வளவு இருந்ததோ, கழற்றி எடுக்கும் நாளிலும் அவ்வளவே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது பராமரிப்பு ஆகாது. அடுத்த டிசம்பர் வேலையை மெக்கானிக் இந்த டிசம்பரிலேயே உறுதி செய்துகொண்டு போகிறார், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொரு சந்தேகம்தான் வலுத்தது. மூன்று ஏசிகளிலும், ஒவ்வோர் ஆண்டும், சொல்லிவைத்தாற்போல் கேஸ் கசிவது அபூர்வம். பெரும்பாலும் அது குறைந்தே இருக்காது. மீட்டரின் முள் கீழே நின்றிருக்கும். அதைப் பார்த்து அவர் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

அந்த மீட்டர் காட்டுவது அழுத்தத்தை. உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை அல்ல. ஃபில்டரில் தூசி அடைத்து, காயிலின் தகடுகளுக்கு நடுவே பூஞ்சை படிந்திருந்தால் அறைக்காற்று அதன் வழியே சரியாகப் போகாது. காற்று போகவில்லை என்றால் கேஸுக்குப் போதுமான வெப்பம் கிடைக்காது. வெப்பம் கிடைக்காவிட்டால் அது முழுதாக ஆவியாகாது, அழுத்தம் விழுந்துவிடும். முள்ளும் கீழே இறங்கும். கேஸ் குறைந்தாலும் முள் இறங்கும், அழுக்கு அடைத்தாலும் முள் இறங்கும்! எனவே கழுவிச் சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த அளவை வைத்துக் கேஸ் நிரப்புகிறவரை நம்பாதீர்கள். உங்களுடையவை இன்வெர்ட்டர் ஏசிகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் அவற்றில் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், சோதனை நிலையில் ஓடவிடாமல் எடுத்த அழுத்த அளவுக்கு அநேகமாக அர்த்தமே இல்லை.

தேவையில்லாமல் கேஸ் நிரப்பினால் பணம் போவதோடு முடிவதில்லை. அளவுக்கு மேல் நிரப்பிய ஏசி வெளிப் பக்கத்தில் திணறுகிறது, மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கிறது. சில சமயம் ஆவியாகாத திரவமே கம்ப்ரசருக்குத் திரும்பி வந்து அதைக் கெடுத்துவிடும். கம்ப்ரசர் போனால் புது ஏசி வாங்குவதா, பழுது பார்ப்பதா என்று யோசிக்க வேண்டிய அளவுக்குச் செலவு ஏறிவிடும்.

ஆகவே இனி யார் வந்து “கேஸ் குறைவு” என்று சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எத்தனை கிராம் போடப் போகிறீர்கள்?” வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன கேஸ், எவ்வளவு எடை என்று அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கியது என்றால் ஆர்-410ஏ அல்லது ஆர்-32 ஆக இருக்கலாம். 12,000 பிடியூ ஏசிக்கு மாடலைப் பொறுத்து அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். ஒழுங்கான மெக்கானிக்கிடம் எடை பார்க்கும் தராசு இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து, இத்தனை கிராம் இறங்கியது என்று பில்லில் எழுதித் தருவார். “ஒரு ஏசிக்குக் கேஸ்” என்று மொட்டையாக எழுதிய பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இன்னொன்று: ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 ஆகிய இரண்டையும் எடையில் சரிபாதி கலந்தது; ஆர்-32 தனியே மெல்ல எரியக்கூடியது. பெயர் ஒட்டிப் போகிறதே என்று ஒன்றில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

உண்மையிலேயே கசிவு இருந்தால் அதை எங்கே தேடுவது? வெளி யூனிட்டின் பக்கத்தில் இரண்டு செம்புக் குழாய்கள் பித்தளை நட்டுகளோடு வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. கேஸோடு கூடவே கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் கசிந்தால் அது காற்றில் போய்விடும், எண்ணெய் அங்கேயே தங்கிவிடும். நட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பாக, தூசி ஒட்டிக் கருத்த ஒரு வளையம் தெரிந்தால் பெரும்பாலும் கசிவு அங்கேதான். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தகட்டில் உள்ள எடைப்படி கேஸ் விட வேண்டும். அரை நாள் வேலை, செலவும் உண்டு. ஆனால் சரியாகச் செய்தால் ஏசியின் ஆயுள் முழுவதற்கும் போதும். கசிவு நட்டில் இல்லாமல் காயிலிலேயே இருந்தால் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தலைமாட்டில் சொட்டிய தண்ணீருக்கு வருவோம்.

நம் கடற்கரையில் ஏசி குளிரூட்டுவது மட்டும் இல்லை; அதன் வேலையில் கணிசமான பங்கு ஈரத்தைப் பிழிவது. டர்பனில் ஜனவரி, பிப்ரவரியில் வெப்பமானி 28, 30 என்றுதான் காட்டும். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் உறவினர்கள் “இதுதானா வெயில்?” என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் சட்டை நனைந்து உட்கார்ந்துவிடுவார்கள். தைப்பூசக் காவடி எடுத்தவர்களைக் கேட்டால் தெரியும். காற்றில் உள்ள ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்க, ஏசி ஏறக்குறைய 0.7 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட், கிலோவாட் மணி) அளவு வெப்பத்தை உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உங்கள் 12,000 பிடியூ ஏசியின் முழுத் திறனே மணிக்கு 3.5 யூனிட் வெப்பம்தான். புழுக்கமான இரவில் அது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் பிழியும். விடிவதற்குள் ஒரு பெரிய வாளி நிறையும். அவ்வளவு தண்ணீரும் விரல் தடிமன் குழாய் ஒன்றின் வழியே வெளியே போகிறது.

அந்தக் குழாயில் பாசி போன்ற வழவழப்பு சேரும். வெளி முனையில் குளவி மண் கட்டும், பல்லி புகுந்துகொள்ளும். அடைத்தால் தண்ணீர் தட்டில் நிறைந்து, வழிந்து, உங்கள் தலையணைக்கு வருகிறது. ஃபில்டர் அடைத்துக் காயில் பனிக்கட்டியாக உறைந்து, ஏசியை நிறுத்தியதும் உருகிக் கொட்டுவதும் உண்டு. வடிகுழாயின் வெளி முனையில் ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வைத்துச் சில நிமிடம் இழுத்தாலே பெரும்பாலான அடைப்பு வந்துவிடும். முனையில் ஒரு சிறு வலைத் துண்டைக் கட்டிவைத்தால் குளவி வராது. அந்த வலையில் அழுக்குச் சேராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் சுற்றியிருக்கும் கருப்பு நுரை உறையையும் பாருங்கள். வெயிலில் பொடிந்துபோயிருக்கும், இல்லை குரங்குகள் பிய்த்திருக்கும். உறை இல்லாத குளிர்ந்த குழாய் தானே வியர்த்துச் சொட்டும். அதையும் ஏசி ஒழுகுகிறது என்று நினைத்துப் பலர் மெக்கானிக்கை அழைக்கிறார்கள்.

வாடை வேறு இடத்திலிருந்து வருகிறது. ஏசியை மெயின் சுவிட்சிலேயே அணைத்துவிட்டு, காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நீளமான உருளை விசிறி தெரியும். அதன் இதழ்களின் குழிவில் கருப்பாக அப்பியிருப்பது பூஞ்சை. ஃபில்டரை எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. முன்மூடியைக் கழற்றி, கீழே பை கட்டி, காயிலையும் விசிறியையும் தட்டையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாளியில் இறங்கும் தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரத்துணியால் மூடியைத் துடைத்து, வாசனை ஸ்பிரே அடித்துவிட்டு “சர்வீஸ் முடிந்தது” என்பவர்கள் நிறையப் பேர். வினிகர் தெளிக்கச் சொல்லி ஒரு கைவைத்தியம் சுற்றுகிறது. வேண்டாம். அந்த அமிலத்தின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து செம்புக் குழாயில் கண்ணுக்குத் தெரியாத நுண் துளைகளை அரித்துவிடும். அப்புறம் கேஸ் நிஜமாகவே குறையும். பிளீச்சும் அலுமினியத் தகடுகளுக்கு ஆகாது.

நீங்களே செய்ய வேண்டியது ஃபில்டர் மட்டும்தான். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கூடத்து ஏசிக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படலாம்: வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அடுக்களையில் பொரிக்கும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் ஃபில்டரில் தூசி வெறுமனே ஒட்டாது, பசையாகவே பிடிக்கும். அப்போது பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். காற்று வரட்டும் என்று ஜன்னலைச் சற்றே திறந்துவைத்து ஏசி போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடல் ஈரத்தையெல்லாம் காசு கொடுத்துப் பிழிந்துகொண்டிருப்பீர்கள். 18-இல் வைத்துப் போர்த்திக்கொள்வதை விட 24 அல்லது 25-இல் வைத்து உறங்குவது எல்லாவற்றுக்கும் நல்லது.

இனி உப்பு. கடலோரத்துக்கென்று தனியாக ஒரு செலவு இருக்கிறதென்றால் அது இதுதான், கேஸ் அல்ல. வெளி யூனிட்டில் செம்புக் குழாய் மேல் அலுமினியத் தகடுகள் கோத்திருக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பு ஈரம். அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாக உதிரும். வடகிழக்குக் காற்று அடிக்கிற நாட்களில் உங்கள் ஜன்னல் கண்ணாடியில் படியும் அதே உப்புதான் அங்கேயும் படிகிறது. பலர் வெளி யூனிட்டை மழை படாமல் கூரைச் சார்ப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். மழையில் நிற்கும் யூனிட்டை மழையே அவ்வப்போது கழுவிவிடும். சார்ப்புக்குக் கீழே இருப்பதில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

மாதம் ஒரு முறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தோட்டத்துக் குழாயால் மென்மையாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். விசிறி தெரியும் முன்பக்கத்தை அல்ல. தகடுகள் இருப்பது சுவரைப் பார்த்த பின்பக்கத்திலும் ஒரு பக்கவாட்டிலும். கார் கழுவும் அழுத்த இயந்திரத்தைப் பயன்படுத்திவிட வேண்டாம், தகடுகள் மடங்கிப்போகும். யூனிட் மாடிச் சுவரில் உயரத்தில் இருந்தால் உங்கள் கணவரை ஏணியில் ஏற்றாதீர்கள்; மெக்கானிக் வரும்போது இதையும் செய்யச் சொல்லுங்கள். அப்படியே தாங்கும் இரும்புச் சட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் துருப்பிடித்து யூனிட் கீழே விழுந்த வீடுகள் உண்டு.

எவ்வளவு கழுவினாலும் கடலைப் பார்த்து நிற்கும் யூனிட், உள்ளே தள்ளி சாட்ஸ்வர்த்தில் இருக்கும் யூனிட்டின் வயதை எட்டாது. உங்களுடையதற்கு ஐந்து வயதாகிறது. தகடுகளைக் கையால் தொட்டால் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்கிறது, கசிவும் அந்தக் காயிலில்தான் என்றால், அதற்கு இனி கேஸும் வேண்டாம், ஒட்டு வேலையும் வேண்டாம். அந்த ஒன்றை மட்டும் மாற்றத் தயாராகுங்கள். புதிது வாங்கும்போது தகடுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். சட்டத்தைத் துருப்பிடிக்காத எஃகில் போடச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. ஒப்பந்தம் மாதம் 650 என்றால் ஆண்டுக்கு 7,800, இரண்டு ஆண்டுக்கு 15,600 ரேண்ட். அதற்கு அவர்கள் செய்வது ஆண்டுக்கு ஆறு கழுவல்: மூன்று ஏசி, இரண்டு முறை. பக்கத்து வீட்டுக்காரர் விலையில் அதே ஆறு கழுவல் 4,500 ரேண்ட்தான் ஆகும். மீதி 3,300 ரேண்ட் எதற்கு? கேஸும் பாகங்களும்தான் தனி என்றுவிட்டார்களே. உங்களுக்கு ஆறுகூடத் தேவையில்லை. இரவு முழுக்க ஓடும் இரண்டு படுக்கையறை ஏசிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும் கூடத்து ஏசிக்கு ஒரு முறையும் போதும். ஐந்து கழுவல், 3,750 ரேண்ட். ஒப்பந்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மாதம் 337 ரேண்டுக்கு மேல் வருகிறது. அதைத் தனியே போட்டுவையுங்கள், அடுத்த வெளி யூனிட்டுக்கு ஆகும்.

இதில் மின்கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் அறை ஏசி ஓர் இரவுக்கு ஆறு யூனிட், ஒரு யூனிட் மூன்று ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 540 ரேண்ட். அழுக்கால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மாதம் 108 ரேண்ட், ஒரு கோடைக்காலத்தில் ஒரு முழுக் கழுவலின் காசு.

தொலைபேசியில் நீங்கள் ஏற்கெனவே “சரி” என்று சொல்லிவிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். அவர்களாக அழைத்து விற்ற ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து, காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்ய 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கெடு தாண்டினாலும் 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம். அப்போது நியாயமான ஒரு தொகையை அவர்கள் கழித்துக்கொள்ளலாம். அதே சட்டப்படி, பழுது பார்க்கும்போது போட்ட புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்வதற்கு அது ஒரு தடை.

யாரை அழைப்பது என்று பெயர் சொல்லமாட்டேன். இந்நாட்டில் கேஸ் குழாய்களில் கை வைக்கும் மெக்கானிக், சாக் கேஸ் என்று நாம் சொல்லும் எஸ்.ஏ.கியூ.சி.சி. கேஸ் அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். புகைப்படத்தோடு அட்டை இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெறுமனே கழுவுவதற்கு அது தேவையில்லை, கைத்திறனும் பொறுமையும் போதும்.

நேரமும் முக்கியம். டிசம்பரில் அழைத்தால் எல்லோரும் அவசரத்தில் இருப்போம். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்க முடியாது. புரட்டாசியிலேயே வரச் சொல்லுங்கள். வெயில் இன்னும் ஏறியிருக்காது, விரத மாதத்தில் அடுக்களையிலும் மீன் பொரியாது, மெக்கானிக்குக்கும் வேலை குறைவு. எப்படியும் தீபாவளிக்கு வீடு கழுவத்தான் போகிறீர்கள். படுக்கையறைகளுக்கு இரண்டாவது முறை பிப்ரவரி வாக்கில்.

மின்சாரம் போய்ப் போய் வருகிற தெருவாக இருந்தால் மூன்று ஏசிக்கும் சேர்த்து மின்பலகையில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் (சர்ஜ் புரொடக்டர்) போட்டுவிடுங்கள். லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் கெட்டுப்போனவற்றில் கம்ப்ரசரை விட மின்னணுப் பலகைகளே அதிகம் என் கைக்கு வந்தன. கரண்ட் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்து ஏசியைப் போடுங்கள்.

பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உப்புக் காற்று அதன் அடிவழியாக எப்படியும் நுழையும், நுழைந்த ஈரம் வெளியேறாது. உள்ளே புழுங்கி இன்னும் வேகமாக அரிக்கும். எலியும் கரப்பானும் குடியேறும். ஜூலையில் ஒரு குளிர் இரவில் யாராவது மறந்துபோய் ரிமோட்டில் வெப்பக் காற்றைப் போட்டுவிட்டால் உறைக்குள் அடைபட்ட விசிறியும் கம்ப்ரசரும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதைத் தோட்டத்து நாற்காலிகளுக்குப் போடுங்கள். ஏசிக்குக் குளிர்காலத்திலும் மாதம் ஒரு முறை தண்ணீர் விடுங்கள்.